எழுத்தைச் சீவிய பலகைகள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இழைப்புளியை எப்படிப் பிடிப்பது, ஆணியை வளையாமல் எப்படிப் பிடுங்குவது என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் கப்பல் துறையில் பெட்டி உடைக்கிற கூலியாக இருந்தவன். உடைத்த பெட்டியை வேறு மாதிரி சேர்த்துப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது, அவ்வளவுதான் என் படிப்பு. வேலை நுணுக்கம் பற்றி நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு நாளைப் பற்றி. காலையில் தொடங்கி விளக்கு வைப்பதற்குள் முடிந்துபோன ஒரு நாள். இத்தனை வருடத் தொழிலில் அப்படி நான் பயந்ததில்லை.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். பினாங்கு டவுனில் யாரைக் கேட்டாலும் ஒன்று சம்பளம் பாதி என்பார்கள், அல்லது வேலை போச்சு என்பார்கள். சீனத் தச்சர் கடையில் தேக்கு அலமாரி வாங்க யாரால் முடியும்? மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டிரண்டாக அடைத்து வரும் மரப்பெட்டி, டின்பால் பெட்டி, சோப்புப் பெட்டி, தேயிலைப் பெட்டி, இவைதான் எங்கள் தேக்கு. நாலு மண்ணெண்ணெய்ப் பெட்டிக்கு ஒரு மேசை. பீப்பாயைக் குறுக்கே அறுத்தால் இரண்டு சாய்வு நாற்காலி. மாட்டுவண்டிச் சக்கரத்தை வைத்து ஒரு கல்யாண வீட்டுக்கு மணமேடையே செய்திருக்கிறேன்.

எங்களிடம் வந்தவர்களின் பேச்சை நான் மரத்தைவிட அதிகமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். தொங்கான் படகில் சரக்கு இறக்கும் ஒருவர் என்னிடம் ஒரு படுக்கைப் பலகை வாங்கினார். பலகை நிறையக் கப்பல் கம்பெனியின் எழுத்து. மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணே, இதுல படுத்தா இன்னும் வேலையில இருக்கிற மாதிரியே இருக்கு. எழுத்த அழிச்சுக் குடுங்க, வீட்டுக்கு வந்துட்டேன்னு நெனச்சுக்கிறேன்" என்றார். ஒரு வாத்தியார் மனைவி இன்னும் அழகாகச் சொன்னாள்: "விருந்தாளி வந்தா நாங்கதான் பேசணும். நாற்காலி பேசக்கூடாது."

அதனால் பெட்டி வந்து இறங்கியதும் முதல் வேலை எழுத்தைச் சீவுவது. அடுத்தது ஆணித் துளைகளை அடைப்பது. மரத்தூளையும் பசையையும் குழைத்து மக்கு வைத்துத் தேய்த்தால் துளை இருந்த இடம் தெரியாது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பிறகு பலகைகளை அகலம் பார்த்து அடுக்கிவிடுவேன். எந்தப் பலகை எந்தப் பெட்டியில் இருந்தது என்பது அதற்குமேல் எனக்கே தெரியாது. அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று நான் படித்துப் பார்த்ததும் இல்லை. அழிக்கவேண்டியதை யார் படிப்பார்கள்?

அந்த நாள் காலை, ஒன்பது மணி இருக்கும். துறைமுகத் தெருவில் ஒரு கிட்டங்கியின் வாசலைக் காக்கும் ஜாகா, தங்கையா என்று பெயர், வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"அண்ணே, போன வாரம் எங்க கிட்டங்கிலேருந்து எத்தன பெட்டி எடுத்தீங்க?"

"ஏழு. உங்க மண்டோர் மேஸ்திரிதான் எடுத்துக்கச் சொன்னாரு."

"அஞ்சுதான் உங்களுக்கு."

"ரெண்டு பெட்டி கூட வந்துட்டதுக்கா இந்த ஓட்டம்? உக்காருங்க லா. கோப்பி சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்துகொண்டார்.

"அந்த ரெண்டு பெட்டியும் தோட்டத்துக்குப் போற மருந்து வந்த பெட்டிண்ணே. லாலாங் புல்லு கருக்குற மருந்து. உள்ள டின்னு ஒழுகிப் போச்சு. பெட்டியக் கொண்டுபோய்ப் பொதைச்சிடுன்னு தொரை என்கிட்டத்தான் சொன்னாரு. எனக்கு இடுப்பு புடிச்சிருந்துச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொவத்தோரம் சாத்தி வச்சேன். மறுநாள் நான் வரல. நீங்க வந்திருக்கீங்க."

லாலாங் என்பது ரப்பர் மரங்களுக்கு நடுவே இடுப்பளவு வளரும் முரட்டுப்புல். அதைக் கொல்ல அன்று தோட்டங்களில் தெளித்தது பாஷாணம். தெளித்த புல்லை மேய்ந்த மாடு அன்றைக்கே விழும். தோட்டத்திலிருந்து வந்த எந்தத் தமிழனுக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

"மண்டையோட்டுப் படம் போட்டிருப்பானே? அத நான் பாக்கலியே" என்றேன்.

"அது மூடியில இருந்துச்சு. மூடிய ஒடச்சுத்தானே டின்ன எடுத்தோம். பக்கத்துல எழுத்து மட்டும்தான். செவப்பு எழுத்து."

சிவப்பு என்று அவர் சொன்னதும் என் கை நினைவுக்கு வந்தது. கண்ணுக்கு எதுவும் நினைவில்லை, கைக்குத்தான். மற்ற எழுத்தெல்லாம் மூன்று இழுப்பில் போய்விட்டன. சில பலகைகளில் சாயம் ஆழமாக இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன். இழுக்கும்போது ஏதோ பாட்டுக்கூட முனகிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து அஞ்சலை அக்கா கூப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரி, கோழி வளர்க்கிறவள். நான் இழைத்த சுருளையெல்லாம் அவள்தான் அள்ளிப் போய்க் கோழிக்கூண்டில் பரப்புவாள்.

"பெட்டிக்காரரே! உங்க சுருளுக்குள்ள பாம்பு கீம்பு இருந்துச்சா? நேத்து ஒண்ணு, இன்னைக்கு ரெண்டு, கழுத்த மடக்கிக்கிட்டுச் செத்துக் கெடக்குது."

தங்கையா என்னைப் பார்த்தார். நான் வேலியைத் தாண்டித்தான் குதித்தேன் என்று நினைக்கிறேன், அன்று மாலை பார்த்தபோது வேட்டி முழங்காலில் கிழிந்திருந்தது.

"அக்கா, செத்த கோழிய ஆக்கிடலியே?"

"சீக்குக் கோழிய ஆக்குவனா நான்?"

"சுருள எல்லாம் குச்சியால தள்ளி ஒரு மூலையில ஒதுக்குங்க. கையால தொடாதீங்க. அடுப்புல போடாதீங்க, பொகையும் ஆகாது. தொட்ட கைய நல்லாக் கழுவுங்க. தப்பு என்னோடது. சாயங்காலம் வந்து எல்லாம் சொல்றேன்."

திரும்பி வந்தேன். அந்த ஏழு பெட்டிப் பலகையில் இரண்டு சாமான் பட்டறையை விட்டு வெளியே போயிருந்தது. ஒன்று, பள்ளிவாசல் பக்கம் சோற்றுக்கடை வைத்திருந்த காசிம் நானாவுக்குச் செய்த சாப்பாட்டு அலமாரி. இன்னொன்று, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் ஒருவரின் மனைவி பிலோமினாவுக்குச் செய்த குழந்தைக் கட்டில், நாலு பக்கமும் அடைப்பு வைத்தது. குழந்தைக்கு எட்டு மாதம்.

மீதிப் பலகைகள் பட்டறையில் அடுக்கி இருந்தன. இங்கேதான், பிள்ளைகளே, நான் முதல் முட்டாள்தனம் செய்தேன். மருந்துப் பெட்டிக்கு ஒரு முனையில் மட்டும் தகரப் பட்டை சுற்றி அடித்திருந்ததாகத் தங்கையா சொன்னார். அப்படியானால் அந்தப் பலகைகளின் ஓரத்தில் பட்டை அடித்த சின்ன ஆணித் துளைகள் ஜோடி ஜோடியாக இருக்கவேண்டும். மற்றவற்றில் ஒற்றைத் துளைதான். மருந்துப் பலகை எல்லாம் இந்த அடுக்கிலேயே இருந்துவிட்டால்? ஒன்றுமே வெளியே போகாமல் இருந்தால்? யாரிடமும் போய் நிற்கவேண்டாமே. நான் பலகையை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினேன். என் மக்கு வேலை என்னையே ஏமாற்றியது. ஒரு துளையும் தட்டுப்படவில்லை. ஆணியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது பலகை.

"அண்ணே, எல்லாத்தையும் சொரண்டி முடிச்சிட்டுத்தான் கெளம்பப் போறீங்களா?" என்றார் தங்கையா.

கால் மணி நேரம் போயிருந்தது. ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது: "என் பேரு வேணாம்ணே, வேல போயிடும்!" நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், அவருக்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

காசிம் நானாவின் கடை வழியிலேயே இருந்தது. காலைச் சோறு முடியும் நேரம், இருந்தாலும் சாப்பாட்டுப் பலகையில் ஏழெட்டுப் பேர். நான் செய்த அலமாரி சுவரோரம் நிற்கிறது. உள்ளே மீன் வறுவல், தட்டு, வெற்றிலைத் தாம்பாளம்.

நான் அவர் காதருகே போய்ச் சொன்னேன். "நானா, ஒரு சந்தேகம். உறுதியாச் சொல்ல முடியல. அலமாரிப் பலகையில கொஞ்சம் பாத்துட்டு..."

"என்ன சந்தேகம்?"

"விஷ மருந்து வந்த பெட்டியோட பலகை கலந்திருக்கலாம். உறுதியாத் தெரிஞ்சப்பறம் சொல்லலாம்னு..."

"உறுதியாத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றதுக்கு இது என்ன கல்யாணச் சேதியா தம்பி?"

அவ்வளவுதான். அகப்பையைக் கீழே வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "எல்லாரும் கைய எடுங்க. என் அலமாரியில விஷம் பட்டிருக்கலாம்னு தச்சர் சொல்றாரு. வறுவல் யாரும் தின்னாதீங்க. தின்னவங்க யாரு, சொல்லுங்க."

ஒருவர் வாயில் இருந்ததைத் துப்பினார். இன்னொருவர், சாமான் சுமக்கிறவர், மீன்முள்ளைப் பார்த்தபடி, "நானா, நாங்க கடன் சொல்றதுக்கு முன்னாடியே எழுப்பி விடுறதுக்கு இது புது வழியா?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. வறுவல் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தின்ற மூன்று பேரையும் அங்கேயே உட்கார வைத்து ஆளுக்கு ஒரு குவளை பால் கொடுத்தார். நான் அலமாரியின் பின்பலகையைச் சுரண்டினேன். நாலாவது சுரண்டலில் மக்கு உதிர்ந்து இரண்டு சின்னத் துளை, பக்கத்துப் பக்கத்தில், பாம்பு கடித்த மாதிரி.

"இருக்கா?" என்றார்.

"இருக்கு நானா. பின்பலகையில. தட்டு சாஞ்சிருக்கிற இடம்."

"வேற யாருக்குக் குடுத்த?"

சொன்னேன்.

"அப்ப இங்க ஏன் நிக்கிற?"

கடையில் சாப்பிட்ட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைப்பதில் எனக்கு லாபமில்லை. ஆனால் அதற்குப்பின் பல வருடம் அந்தத் தெருவில் யாருக்கு வயிறு வலித்தாலும் என் பெயர்தான் முதலில் அடிபட்டது.

பிலோமினாவின் வீடு பினாங்கு ரோட்டுக்கு அப்பால், மாதா கோயிலை ஒட்டிய சந்தில். ரிக்‌ஷாவில் போகும்போது வழி முழுக்க நான் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நானா எப்படிச் சொன்னார் என்று கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். அதே மாதிரி வாசலிலேயே சொல்லிவிடவேண்டும். புள்ளைய வெளிய எடு தங்கச்சி. நாலே சொல்.

கதவு திறந்தே இருந்தது. அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டு வந்தாள்.

"வாங்கண்ணே! என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான் தங்கச்சி. கட்டில் மூலை ஆடுதான்னு பாத்துட்டுப் போகலாம்னு."

வாய் என்னுடையதுதான். யாரோ பேசின மாதிரிதான் கேட்டது.

"ஆடுறதாவது! இவன் புடிச்சு ஆட்டுற ஆட்டத்துக்கே அசையல. வாங்க, வந்து பாருங்க. பக்கத்து வீட்டு அன்னம்மா இது எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்டுட்டுப் போறா. நான் சொல்லலியே!"

அறை ஓரத்தில் கட்டில். அதில் குழந்தை மல்லாந்து தூங்குகிறது. ஜோசப் என்று பெயர், அவள் ராசு என்றுதான் கூப்பிடுவாள். பிலோமினா, அவன் பிடித்து நிற்கும் மேல் அடைப்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

"பாருங்க உங்க வேலைய. பாதிக் கட்டில தின்னுட்டான். பல்லு மொளைக்குதுல்ல, எந்நேரமும் இதத்தான் கடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

மேல் அடைப்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சின்னச் சின்னப் பல் தடம். மரம் ஈரத்தில் வெளுத்திருந்தது.

"இந்த நேரத்துல தூங்குவானா?" என்றேன்.

"இல்லண்ணே, இன்னைக்கு என்னமோ சீக்கிரமே தூங்கிட்டான். காலையில குடிச்ச பாலையும் கக்கிட்டான். பல்லுதான். உக்காருங்க, கோப்பி கொண்டு வர்றேன்."

அவள் அடுப்படிக்குப் போனாள். நான் அப்போதும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஆணியை எடுத்து அடைப்பைச் சுரண்டினேன். ஏன் சுரண்டினேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். குழந்தையைத் தூக்கியிருக்கவேண்டும். எனக்கு ஒற்றைத் துளை வேண்டியிருந்தது. ஒற்றைத் துளை கண்டுவிட்டால் கோப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடலாம். சுரண்டினேன். ஒரு துளை வந்தது. பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று தெரியவில்லை, அங்கே பலகை அடுத்த பலகைக்குள் செருகி இருந்தது.

"என்னண்ணே பண்றீங்க?"

குவளையோடு பின்னால் நிற்கிறாள். கையில் ஆணி. இனி மறைக்க எதுவும் இல்லை. சொன்னேன். மருந்துப் பெட்டி, கலந்த பலகை, காசிம் நானாவின் அலமாரி, அஞ்சலையின் கோழி, எல்லாம்.

குவளையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். குழந்தையை அள்ளித் தோளில் போட்டாள். அவன் விழிக்கவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஒம்பது மணிக்கு."

"இங்க வந்து எவ்வளவு நேரமாச்சு?"

நான் ஆணியைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"வாசல்ல வச்சே சொல்லியிருக்கலாம்ல? மூலை ஆடுதான்னு கேட்டீங்களே அண்ணே."

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள்.

நான் இன்னொரு ரிக்‌ஷா பிடித்தேன். மருந்தகம் தூரமில்லை. அங்கே டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். ராசு விழித்துக் கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டு நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். டிரெஸ்ஸர் ஏதோ கொடுத்துக் கக்க வைத்தார். பிறகு முட்டை வெள்ளையைப் பாலில் அடித்துக் கரண்டி கரண்டியாக ஊட்டச் சொன்னார். பாதி உள்ளே போனது, பாதி பிலோமினாவின் சேலையில்.

"இப்பக்கி ஒண்ணும் தெரியல. பல்லு மொளைக்கிற புள்ள கக்கும், தூங்கும். அதுவா இதுவான்னு நான் சொல்ல முடியாது" என்றார். "வீட்டுக்குக் கொண்டு போங்க. அலுத்துப் போயிருக்கான், தூங்குவான். எழுந்து பால் கேட்டு, குடிச்சது வயித்துல தங்கிச்சுன்னா பயமில்ல. எழுப்பியும் எழும்பலேன்னா, திரும்ப வாந்தி எடுத்தான்னா, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. என்கிட்ட வர வேணாம்."

வீட்டுக்கு வந்தோம். குழந்தை பாயில் தூங்கிவிட்டான். பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து அவன் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள், மூச்சு வருகிறதா என்று.

நிமிராமலே சொன்னாள்: "அந்தக் கட்டில வெளிய எடுத்துட்டுப் போங்க. எது எதுன்னு பாத்துச் சொல்லுங்க."

பின்கட்டில் போட்டுக் கழற்றினேன். இரண்டு நாள் பொருத்திய வேலை, அரை மணியில் பலகை பலகையாகத் தரையில் கிடந்தது. ஒவ்வொரு பலகையாக ஓரத்தைச் சுரண்டினேன். அடிப்பலகையில் ஜோடித் துளை. கால்மாட்டுப் பலகையில் ஜோடித் துளை. தலைமாட்டில் இல்லை. மேல் அடைப்பைக் கடைசியாக எடுத்தேன். செருகி இருந்த முனையை உருவி, வெளிச்சத்தில் பிடித்துச் சுரண்டினேன். ஒற்றைத் துளை. மறுமுனையைப் பார்த்தேன், அதை நான் அளவுக்காக அறுத்துவிட்டிருந்தேன். அறுத்த துண்டு எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்?

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு உள்ளே போனேன்.

"அடியிலயும் கால்மாட்டுலயும் இருக்கு. அவன் கடிச்ச பலகையில ஒத்தத் துளைதான். அடியில நீங்க பாய் விரிச்சிருந்தீங்க."

"அப்ப கடிச்சது நல்ல பலகை. உறுதியா?"

உறுதி என்று சொல்ல நாக்கு துடித்தது. அவள் முகம் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் அவளும் மூச்சு விடுவாள், நானும் வாசலைப் பார்க்கலாம். காலையிலிருந்து இரண்டு தடவை அந்தச் சுகத்துக்கு ஆசைப்பட்டு நின்றிருந்தேன், பட்டறையில் ஒரு தடவை, இதே அறையில் ஒரு தடவை.

"முக்காவாசி உறுதி தங்கச்சி. ஒரு முனைய அறுத்துட்டேன். அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது."

அவள் பாயின் ஓரத்தில் எனக்கு இடம் ஒதுக்கினாள்.

"அப்ப அந்தக் காவாசிக்கு இங்க உக்காருங்க" என்றாள். "புள்ள எழுந்து பால் குடிக்கிற வரைக்கும் நீங்க இந்த எடத்த விட்டுப் போகக்கூடாது. நான் ஒருத்தியா இத வச்சுக்கிட்டு உக்கார முடியாது."

உட்கார்ந்தேன்.

பிள்ளைகளே, அவசரமாக ஓடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று. உட்கார்ந்திருப்பதுதான் கடினம். நான் செய்த சாமானை நம்பிப் படுத்த பிள்ளை பாயில் கிடக்கிறான், எனக்குச் செய்ய எதுவும் இல்லை. கொசுவை விரட்டினேன். அன்னம்மா எட்டிப் பார்த்து, "கட்டில ஏன் பிரிச்சுப் போட்டிருக்கு?" என்றாள். பிலோமினா என் முகத்தைப் பார்த்தாள். நானே சொன்னேன், ஒன்றும் விடாமல், இந்தத் தடவை வாசலிலேயே. அன்னம்மா, "நாசமாப் போச்சு, உங்ககிட்ட ஒரு முக்காலி சொல்லலாம்னு இருந்தேன்" என்றுவிட்டு, போன வேகத்தில் கொஞ்சம் கஞ்சியோடு திரும்பி வந்து பிலோமினாவின் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள்.

வெயில் அறைக்குள் நகர்ந்து சுவரில் ஏறியது. பிலோமினா ஒருதரம் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். அவன் காலை இழுத்துக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன், எனக்கு என்னவோ தெரிந்த மாதிரி. கொஞ்சம் கழித்து நானே கேட்டேன், இன்னொரு தரம் சுண்டிப் பார்க்கலாமா என்று. "தூங்க விடுங்க" என்றாள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அவளே சுண்டினாள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் முடிவு செய்தேன், இனி எழுத்தோடுதான் பெட்டியைப் பட்டறைக்குள் விடுவது, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்துச் சொன்ன பிறகுதான் சீவுவது, ஒரு பெட்டிப் பலகையை இன்னொன்றோடு கலக்காமல் கயிறு போட்டுக் கட்டுவது என்று. உங்களுக்கு அலுப்பாக இருக்கிற அந்த மூன்று வேலையும் அந்தப் பாயின் ஓரத்தில் வந்தவை. தங்கையாவின் பெயரை யாரிடமும் சொல்வதில்லை என்பதையும் அங்கேதான் தீர்மானித்தேன். சொல்லாமலிருந்தால் பழி முழுக்க எனக்குத்தான். இருக்கட்டும். என் இழைப்புளிதானே சீவியது. அவர் இப்போது இல்லை, அதனால்தான் இங்கே எழுதினேன்.

மாதா கோயிலில் மணி அடித்தது. ராசு கண்ணைத் திறந்தான். அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிலோமினா அவனைத் தூக்கவில்லை. அவன் தலையைத் திருப்பினான், தாயைப் பார்த்தான், கீழுதட்டை ஒருமுறை மடக்கினான், பிறகு அழுதான் பாருங்கள், அந்தச் சந்தே திரும்பிப் பார்த்திருக்கும்.

"பசி அழுகை" என்றாள் அன்னம்மா.

பிலோமினா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு பால் கொடுத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குடிக்கிற சத்தம் கேட்டது, நடுவில் விட்டு மூச்சு வாங்குகிற சத்தம், மறுபடி குடிக்கிற சத்தம். நின்றது. அவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். ஏப்பம் வந்தது. நான் எழுந்திருக்கக் கையை ஊன்றினேன்.

"இருங்க. தங்கட்டும்" என்றாள்.

மறுபடி உட்கார்ந்தேன். வெயில் சுவரை விட்டு இறங்கிப் போகிற வரை இருந்தோம். அவன் தாயின் தோளில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், வாயில் தன் கையை வைத்துக்கொண்டு. பாலில் ஒரு சொட்டும் திரும்பி வரவில்லை.

பிலோமினா அவன் வாயைத் தன் சேலை முனையால் துடைத்தாள்.

"போதும்ணே. இப்ப எழுந்திரிங்க" என்றாள்.